ஏழாவது கட்டமும் ஆம்ஸ்டர்டாமில் ஐந்து நாளும்

ஆம்ஸ்டர்டாம் போய் வந்தவர்கள் எல்லோரும் கால்வாய்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அங்கே அதிகம் பார்த்தது ஒரு கிடங்கைத்தான். தகரக் கூரை, டியூப் லைட், தரையில் மஞ்சள் கோடு. திருப்பூரில் இதைவிட நல்ல கிடங்கு பத்துக் காட்டுவேன்.

போன காரணம் பிரஸ் பட்டன். குழந்தை உடுப்பில் இரண்டு காலுக்கும் நடுவே வரிசையாக வருமே, அது. எங்கள் யூனிட்டில் தைத்த உடுப்பு சிலவற்றில் அந்தப் பட்டன் இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்று, உடுப்பை வாங்குகிற ஆம்ஸ்டர்டாம் பையரிடமிருந்து மெயில். பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் யார் பதில் சொல்வது? "நீயே போயி ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துட்டு வந்துரு கண்ணு. இங்கிலீசு பேசறவ நீதான" என்றார் அப்பா. எம்.பி.ஏ. படித்ததற்குப் பட்டன் இழுக்கிற வேலை. ஆனாலும் துள்ளிக்கொண்டுதான் கிளம்பினேன். முதல் வெளிநாடு. ஆறு மியூசியங்களுக்குப் பட்டியல் வைத்திருந்தேன். ஒன்றுக்கும் போகவில்லை.

முதல் நாள் காலையிலேயே ஒரு சைக்கிள் என்மேல் ஏறப் பார்த்தது. சிவப்பாக, அகலமாக, சுத்தமாக இருந்ததால் நடைபாதை என்று நினைத்து நடுவில் நின்றுவிட்டேன். அது சைக்கிள் பாதை. முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டிவந்த பெண் மணியை விட்டுவிட்டு வாயாலேயே அடித்தாள். பக்கத்தில் நின்றவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "பெரிதாக ஒன்றுமில்லை. நீ என்ன மரமா என்று கேட்கிறாள்." எங்கள் பக்கத்தில் திட்டுவதாயிருந்தாலும் 'ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா' என்று மரியாதையோடுதான் திட்டுவோம். இவர்கள் மரியாதைக்கு நேரம் ஒதுக்குவதில்லை. கேட்டால் பதில், பிடிக்கவில்லையென்றால் 'இல்லை'. அவ்வளவுதான்.

டிராமில் ஏறும்போது அட்டையைக் காட்டினால் போதாது, இறங்கும்போதும் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த டிராமில் இயந்திரம் என்னைப் பார்த்துக் கத்தியது. குளிரில் விரல் மரத்து, கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அங்கே தரம் பார்க்கும் மரைக்கே என்ற பெண், நாற்பது வயதிருக்கும், கடிகாரத்தைப் பார்த்தாள். "அரை மணி நேரம் தாமதம். பரவாயில்லை. தொடங்கு." ஒரு 'வாங்க' கிடையாது.

நூற்றைம்பது உடுப்பு இழுத்திருப்பேன். அப்பா போன் செய்தார். ஊரில் பொழுது சாயும் நேரம். பின்னால் மிஷின் சத்தம்.

"ஏங் கண்ணு, சாப்டியா? குளுருதா?"

"சாப்டேம்பா."

"நீ ஒரு ஷீட்டு வெச்சிருக்கியல்லோ, ஆளுங்க பேரு, மதமெல்லாம் போட்டு? அதைச் சித்த அனுப்பியுடு. செந்தில் மாமன் கேக்கறான்."

இந்த ஷீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட் தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அறுபது சொச்சம் பேர். பாதி தெற்குச் சீமைக்காரர்கள், பாதி வடநாடு. அதில் வங்காளத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் பதினோரு பேர் எங்களுடைய லைன் வீடுகளில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், குடியிருக்கிறார்கள். போன வருடம் நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிட ஒன்றும் கிடைக்காமல் பன்னும் தண்ணீருமாக வேலைக்கு வந்து இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நான்தான் ஓடிப்போய் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பெயர், வயது, பிரிவு, சொந்த ஊர், போன், சேர்ந்த நாள். ஏழாவது கட்டத்தில் மதம். அதைப் பார்த்து மெஸ்ஸில் சமைக்கும் மேரியக்கா யாருக்கெல்லாம் முன்கூட்டியே சோறு கட்டி வைப்பது என்று தெரிந்துகொள்வாள். ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை ஒரு வாரம் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன்.

செந்தில் மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் ஏரியா வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வங்காளிகளோடு கலந்து வந்துவிட்டார்கள், அவர்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் போட்டிருந்தாராம். எங்கள் ஆட்களிடம் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிறது. குழுவுக்கு அதெல்லாம் வேண்டாம். பெயரே போதும். போன மாதம் வேறொரு வீதியில் இப்படிப் பெயர் கைக்குக் கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்களின் சட்டி பானையை ரோட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

"லேப்டாப் ரூம்ல இருக்குப்பா" என்றேன். அது என் காலடியில் பைக்குள் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லெட் துகளைத் தூவிச் சாப்பிட்டேன். வளர்ந்த மனிதர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து இதைச் சாப்பிடுகிறார்கள். பாதியில் நூர்ஜஹானிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. செக்கிங் பிரிவில் வேலை செய்பவள். கணவன் ரஃபீக் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கிறான். எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, அதில் பார்க்கிற சொல்லுக்கெல்லாம் 'ங்க' போடுவாள்.

"அக்காங்க, ரெண்டு ஆளு வந்துச்சுங்க. எந்த ரூம்ல யாரு, எந்த ஊருன்னு கேக்குதுங்க. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேங்க. நாங்க ஊருக்குப் போயிடணுமாங்க? ரெண்டு ராத்திரி டிரெயின். எனக்கு ஏழு மாசங்க. டாக்டரம்மா மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு சொல்லுதுங்க."

துகள் தூவிய ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

அன்று மதியம் கிடங்கில் எல்லோரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து உட்கார்ந்தார்கள். மரைக்கே ஒரு டம்ளர் வெள்ளையாக எதையோ ஊற்றி என் முன் வைத்தாள். குடித்தால், மோர்! உப்பில்லை, கறிவேப்பிலை இல்லை, இஞ்சி இல்லை. இருந்தாலும் மோர்தான். "எங்கள் ஊரிலும் இது உண்டு" என்றேன். "அப்படியானால் நாம் இருவரும் கஞ்சர்கள்" என்றாள் மரைக்கே. "வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சியதைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள்." அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். ஊருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பட்டன் இழுத்திருந்தேன், கட்டைவிரல் வீங்கியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை திரும்பும் வழியில் டிராம் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். எல்லோரும் முணுமுணுப்பில்லாமல் இறங்கினார்கள். நம் ஊர் டவுன் பஸ் இப்படி நடுவழியில் நின்றால் கண்டக்டரின் ஏழு தலைமுறையும் இழுக்கப்பட்டிருக்கும். பின்னால் வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். என்ன என்று கேட்டேன். அவர்களில் ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இன்று நினைவு நாள். போரின்போது இந்த நகரத்து டிராம்கள் தாங்களாகவே நின்றன. அதற்காக இப்போது நிறுத்துகிறார்கள்." மற்றவள் சொன்னாள்: "அப்போது நின்றவர்களுக்கு வேலை போயிற்று. இப்போது நிற்பவர்களுக்கு ஓவர்டைம்."

அவர்களோடேயே போனேன். ஒரு பழைய யூதக் கோவிலின் பக்கத்தில் சின்னச் சதுக்கம். நடுவில் கப்பல்துறைத் தொழிலாளி ஒருவரின் சிலை. தடித்த உடம்பு, கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, அடிக்க வருகிறவனுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார். சனங்கள் வரிசையாக வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். பேச்சு எனக்குப் புரியவில்லை. கூட வந்த பெண் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெர்மன் படை நாட்டைப் பிடித்திருந்த காலம். இதே சதுக்கத்தில் யூத இளைஞர்களைப் பிடித்து வரிசையாக உட்காரவைத்திருக்கிறார்கள். அடுத்த சில நாளில் டிராம்காரர்கள் வண்டியை எடுக்கவில்லை. கப்பல்துறை நின்றது. தையல் கூடங்களில் பெண்கள் மிஷினை விட்டு எழுந்து வெளியே வந்தார்கள். யூதர்களல்லாத சாதாரண வேலையாட்கள், தங்கள் ஊர்க்காரனைத் தொட்டதற்காக.

தையல் கூடம் என்றதும் எங்கள் யூனிட் நினைவு வந்தது. பவர் டேபிளில், தையல் மிஷின் வரிசையில், ஒவ்வொருத்தியாக எழுவது கண்ணில் தெரிந்தது. லாட்ஜுக்கு வந்ததும் அப்பாவுக்கு நீளமாக ஒரு மெசேஜ் அடித்தேன். முக்கால் மணி நேரம். சிலை, டிராம், தையல் பெண்கள் எல்லாம். கடைசியில் 'நாமும் இப்படி நிற்க வேண்டும் அப்பா' என்று எழுதினேன்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். கீழே: 'சாப்டியா.'

நான்காம் நாள் அந்த உற்சாகத்தோடேயே கிடங்குக்குப் போனேன். மரைக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஊர் எவ்வளவு பெரிய ஊர் என்றேன். அவள் பட்டனை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வேலைநிறுத்தம் எத்தனை நாள் நடந்தது என்று சொன்னார்களா?"

"இல்லை."

"இரண்டு நாள். சுட்டார்கள், முடிந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொன்னார்களா?"

"இல்லை."

"பக்கத்து நாடுகளைவிட எங்கள் நாட்டிலிருந்துதான் யூதர்களை அதிகம் கொண்டுபோனார்கள். ஏன் தெரியுமா? நாங்கள் படிவம் நிரப்புகிறவர்கள். நகராட்சி அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பெயர், முகவரி, மதம். ஜெர்மன்காரன் வருவதற்கு முன்பே இருந்தது. நல்ல நோக்கத்துக்காகச் செய்தது. அவன் வந்து கேட்டான், கொடுத்தோம். என் தாத்தாவின் அப்பா அந்த அலுவலகத்தில் எழுத்தர். யாரையும் வெறுத்தவர் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்."

அவள் அடுத்த உடுப்பை எடுத்தாள். நானும் எடுத்தேன்.

சாயங்காலம் அவளே காரில் என்னை ஒரு கட்டடத்தின் முன் இறக்கினாள். மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில், செங்கல் கட்டடம். சுவரில் பெயர்கள் பொறித்த ஒரு பலகை. "அட்டைகள் இங்கேதான் இருந்தன. சிலர் போலீஸ் உடுப்புப் போட்டு உள்ளே நுழைந்து கொளுத்தினார்கள். உடுப்பைத் தைத்தவரும் அவர்களில் ஒருவர், தையல்காரர். பிறகு பிடித்துச் சுட்டுவிட்டார்கள்." அந்த உடுப்பைப் பற்றியே நின்று யோசித்தேன். துணி எங்கே வாங்கியிருப்பார்? அந்த நிறம் எப்படிக் கிடைத்தது? காலர் சரியாக உட்காராவிட்டால் உயிர் போகும் என்று தெரிந்து தைத்த காலர்.

"தீயணைப்புக்காரர்கள்?" என்று கேட்டேன்.

"மெதுவாக வந்தார்கள். வந்த பிறகு மிக நன்றாக வேலை செய்தார்கள். தேவைக்கு மேல் தண்ணீர். எரியாத அட்டையெல்லாம் ஊறிப்போயிற்று."

நான் சிரித்துவிட்டேன். இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற வேலை. முடியாது என்று சொல்லமாட்டோம். 'ஆகட்டுங்க, பண்ணிரலாமுங்க' என்போம், ஆறு மாதம் ஆகும்.

"சிரிக்காதே" என்றாள் மரைக்கே. "கொஞ்சம்தான் அழிந்தது. வேறு ஊரில் நகல் இருந்தது."

கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மியூசியம், பூங்கா எதற்கும் கால் வரவில்லை. ஒரு ரொட்டிக் கடையில் உருளைக்கிழங்குக் குழம்போடு ரொட்டி சாப்பிட்டேன். அந்தக் கடைக்காரம்மாவின் முன்னோர் கடல் தாண்டி இந்த நாட்டுக்காரர்களின் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பீகார்க்காரர்களாம். 'நீயும் இந்தியாவா' என்று ஒரு கரண்டி கூடப் போட்டாள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஏழாவது கட்டத்தை அழித்தேன். அழித்துவிட்டு மறுநாள் காலை அப்பாவை அழைத்தேன்.

"அந்தக் கட்டத்தை எடுத்துட்டேம்பா. யாருக்கும் குடுக்க வேண்டாம்."

"எடுத்து என்ன பண்றது கண்ணு? பழனிச்சாமிகிட்ட ஒண்ணு இருக்குது." பழனிச்சாமி எங்கள் சூப்பர்வைசர். "செந்தில் போன்ல கேட்டான், அவன் அனுப்பியுட்டான். ஆனா ரூம் நம்பரு அதுல இல்லையாமா."

அறை ஒதுக்குவதும் சாவி கொடுப்பதும் என் வேலை. அது ஷீட்டில் கிடையாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்.

"அப்பா, நீங்க முடியாதுன்னு சொல்லுங்க."

"நானென்ன அவங்கள அடிக்கவா சொன்னேன்? லிஸ்ட்டுதான கேக்கறாங்க." "ஊருக்குள்ள இருக்கணுமல்லோ கண்ணு. உங்கம்மா வகையறா. பொண்ணு வரட்டும், அவளுக்குத்தான் தெரியும்னு சொல்லியிருக்கறேன். வந்து நீயே பேசிக்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் தோன்றியது: அவரால் முடிந்த அளவு மெதுவாகத்தான் தீயணைப்பு வண்டியை ஓட்டியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் மரைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்தாள். கெட்டது நாற்பத்திரண்டு. "அடுத்த முறை பட்டன் மிஷினைக் காலையில் ஒருமுறை சரிபார்" என்றாள். விமானத்தில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. கோவையில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. வாசலில் செந்தில் மாமாவின் வண்டி நின்றது. அம்மா காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா கீர்த்தி, வெளிநாட்டுக்காரி! எங்களுக்கெல்லாம் சாக்லேட்டு கொண்டாந்தியா?"

"பட்டன்தான் மாமா கொண்டாந்தேன். நாப்பத்திரெண்டு."

மாமா சத்தமாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான். எனக்குக் காலேஜில் சீட் வாங்க மூன்று நாள் அலைந்தவர். போனை எடுத்து ஷீட்டைக் காட்டினார். பதினோரு பெயருக்கும் மஞ்சள் அடித்திருந்தது.

"பேரெல்லாம் இருக்குது கண்ணு. எந்தெந்த ரூமுன்னு மட்டும் சொல்லு. நாங்களா போயிக் கதவைத் தட்டுனா வம்பு. ஊட்டுக்காரங்க காட்டுனா முறை. சும்மா விசாரிக்கறதுதான்."

"விசாரிக்கறதுக்கு போலீஸ் இருக்குதுங்க மாமா. ஆளுங்க வந்தப்பவே நாம ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கறோம்."

"அது வேற, இது வேற. இது நம்மூரு."

"நூர்ஜஹானுக்கு ஏழு மாசமுங்க."

"அவளை யாரு என்ன பண்ணப் போறாங்க?"

"போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க."

அம்மா என்னைப் பார்த்து இமையைச் சுருக்கினாள். எனக்கு ஐந்து நாள் அலுப்பு எலும்பு வரை இருந்தது. நயமாகச் சுற்றிவளைக்கவெல்லாம் தெம்பில்லை.

"ரூம் நம்பரு எனக்குத் தெரியுமுங்க மாமா. சொல்ல மாட்டேன்."

மாமாவின் முகம் மாறியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மச்சா, பொண்ணு இப்படிப் பேசுது?"

அப்பா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது 'அவ சின்னப் புள்ள' என்று தொடங்குவார் என்று நினைத்தேன். "அவதான் சொல்ல மாட்டேங்கறாளே மாப்ள" என்றார். "எங்க ஊட்டுக் கதவை யாரும் தட்ட வேண்டாம். காபி ஆறுது, குடிங்க."

மாமா டம்ளரைத் தொடாமல் எழுந்தார். செருப்பை மாட்ட வெகுநேரம் ஆனது. வண்டி கிளம்பிய சத்தம் ரோட்டில் போய் மறைந்தது.

"வர்ற மாசம் அவங்க ஊட்டுல காது குத்து. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?" என்றாள் அம்மா.

"கூப்பிட்டா போலாம்" என்றார் அப்பா.

முகம்கூடக் கழுவாமல் லைன் வீட்டுக்குப் போனேன். நூர்ஜஹான் துணி மூட்டையைக் கட்டிச் சுவரோரம் வைத்திருந்தாள். இப்போதைக்கு அவிழ்த்துக்கொள் என்றேன். அந்த 'இப்போதைக்கு' அவளுக்கும் கேட்டது. கேட்டும் தலையாட்டினாள். அவிழ்க்கவில்லை. ரஃபீக் மிஷின் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்றான். "லிஸ்ட்ல மதம் போட்டத எடுத்துட்டீங்களா தீதி?" என்று கேட்டான். அவனுக்கு அக்கா என்றால் தீதி.

"எடுத்துட்டேன். ஆனா வெளிய ஒண்ணு சுத்துது."

"அப்ப காலைச் சாப்பாடு? அந்த லிஸ்ட்டப் பாத்துத்தானே மேரியக்கா கட்டும். இன்னும் ரெண்டு வாரம் நோன்பு இருக்கு."

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஐந்து நாளும் யோசித்திருக்கவில்லை.

மெஸ்ஸுக்கு நடந்தேன். மேரியக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம்; பதினைந்து வருடமாக எங்கள் அடுப்பு அவளுடையது. இனிமேல் பெயர் பார்த்துக் கட்ட வேண்டாம், படுக்கப் போகுமுன் ஒரு பெரிய பாத்திரத்தில் சோறும் குழம்பும் மூடி வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"எத்தன பேருக்குன்னு சொல்லும்மா."

"தெரியாதுக்கா. எண்ண வேண்டாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏரோப்ளான்ல போயிட்டு வந்து கிறுக்குப் புடிச்சிட்டாம்மா ஒனக்கு? எண்ணாம எப்படி ஒல வைக்கது?"

"கூடவே வைங்கக்கா. மிஞ்சினா நான் சாப்பிடறேன்."

"நீ ஒருத்தி எவ்வளவு திம்ப?" என்று கேட்டுக்கொண்டே, மேல் அலமாரியிலிருந்த பெரிய பாத்திரத்தை இறக்கச் சொன்னாள். எனக்குக் கை எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.